‘ஹோம்லி’ என்றால் என்ன?

வணக்கம் சார். தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் புல்லட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மேட்ரிமோனியல் தளத்தில் அவள் விவரத்தை நான்தான் எழுதினேன், ‘ஹோம்லி கேர்ள்’ என்று. சியாட்டிலில் இருக்கும் ஒரு பையன் வீட்டில் பேசினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பையனின் அக்கா, “சொந்தத் தங்கையை ஏன் இப்படி எழுதினீர்கள்?” என்று கேட்கிறார். நாம் எழுதுவது தப்பா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒரு பெண்ணை ஹோம்லி என்றால் பார்க்க அழகில்லாதவள் என்று அர்த்தம். நம்மூரில் ‘சுமாரா இருப்பா’ என்று இழுப்பார்களே, அதற்கும் ஒரு படி கீழே. அக்கா பதறியதில் ஆச்சரியமில்லை.

பிரிட்டனில் வீடு மாதிரி இதமாக, பகட்டில்லாமல் இருக்கிற எதுவும் ஹோம்லிதான். அமெரிக்கர்கள் அதற்கு ‘ஹோமி’ என்பார்கள். அதற்காக அவர்கள்தான் சொல்லைக் கெடுத்தார்கள் என்று நினைக்கவேண்டாம். வீட்டுப்பாங்கு என்றால் எளிமை, எளிமை என்றால் பகட்டில்லை, பகட்டில்லை என்றால் பார்க்க ஒன்றுமில்லை என்று அர்த்தம் சரிந்தது இங்கிலாந்திலேயேதான். 1623இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘வெரோனாவின் இரு கனவான்கள்’ நாடகத்தில் வீட்டைத் தாண்டாத பையன்களின் மந்த புத்தியும் ஹோம்லி, காதல் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிற அழகற்ற முகமும் ஹோம்லி.

நாம் மூன்றாவதாக ஒன்றைச் செய்தோம், ‘குடும்பப் பாங்கான’ என்பதை இதற்குள் ஏற்றிவிட்டோம். கதாநாயகி புடவை கட்டிப் பொட்டு வைத்து வந்தால் ஹோம்லி லுக், மெஸ் வாசலில் ஹோம்லி மீல்ஸ். இத்தனை பேருக்குச் சட்டென்று புரிகிற சொல்லைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. மெஸ்ஸில் எழுதினால் சோடா உப்பு போடாத சாப்பாடு என்று புரிகிறது, சரி. பெண்ணுக்கு எழுதினால்? சமைப்பாள், எதிர்த்துப் பேசமாட்டாள், வேலையை விடச் சொன்னால் விட்டுவிடுவாள் என்று வெளிப்படையாக எழுதக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் ஒரு சொல்லுக்குள் மடித்து வைக்கிறோம். ‘ஹோம்லி பாய்’ என்று ஒரு விளம்பரம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

அப்புறம், புல்லட் ஓட்டுகிறவளுக்கு அந்தச் சொல் எதற்கு? புல்லட்டையே எழுதுங்களேன். தளத்தில் ஏற்றும் முன் அவளிடம் ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.