வடித்த கடல்நீரில் கங்கோங் வெளிறுவது ஏன்?

வணக்கம். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எடுத்த கடல்நீரை வெயிலில் ஆவியாக்கி வடித்து, பஞ்சில் முளைத்த கங்கோங் கீரை நாற்றுகளுக்கு உங்கள் மகள் ஊற்றியதில், இரண்டாம் வாரம் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். உப்புதான் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். உப்பு மிஞ்சினால் பெரும்பாலும் இலையின் நுனியும் ஓரமும் கருகும். நீர் ஆவியாகும்போது உப்போடு கால்சியமும் மக்னீசியமும் தொட்டியிலேயே தங்கிவிடுவதாலும், பஞ்சில் சத்து ஏதும் இல்லாததாலும், விதையின் சேமிப்பு தீர்ந்ததும் செடி பட்டினி கிடக்கிறது. அடியிலைகள் முதலில் வெளிறுவதால், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

கடல்நீர் தெறித்துக் கலந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். வடித்த நீரை எவர்சில்வர் கரண்டியில் வற்றக் காய்ச்சினால், உப்பிருந்தால் வெண்படலம் படியும். பிறகு புதிய நாற்றுகளில் ஒரு பாதிக்கு வடித்த நீரையும், மறுபாதிக்கு அதே நீரில் நீர்ம உரம் கலந்தும் ஊற்றச் சொல்லுங்கள்.