விண்வெளியில் மேகமே இல்லையே, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எப்போது வேண்டுமானாலும் எதையும் பார்க்கலாம்தானே?

மார்கழி இரவில் ஏற்காடு லேடீஸ் சீட் பக்கம் நின்று பாருங்கள். கீழே சேலத்தின் விளக்குகள், மேலே ஓரியன் விண்மீன் கூட்டம். பைனாகுலரில் அதிலுள்ள நெபுலா (வாயுவும் தூசியும் சேர்ந்த திரள்) மங்கலான பஞ்சுபோலத் தெரியும். ஆனால் அதே இரவில் ஜேம்ஸ் வெப்பால் அதைப் பார்க்க முடியாது!

காரணம் வெயில். வெப்பின் கண்ணாடி சுமார் மைனஸ் 220 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்தே இருக்க வேண்டும். டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஒரு குடை அதை எப்போதும் நிழலில் வைக்கிறது. அந்தக் குடையின் நிழல் விலகாமல் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டுமென்றால், சூரியனிலிருந்து 85 முதல் 135 டிகிரி கோணம் வரை உள்ள பகுதியை மட்டுமே பார்க்கலாம். ஒரு நேரத்தில் வானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். மார்கழியில் ஓரியன் சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம் இருக்கிறது. நமக்கு அதுதான் வசதி, வெப்புக்கு அதுவே தடை. செப்டம்பர் – அக்டோபர், அப்புறம் பிப்ரவரி வாக்கில்தான் அதற்கு வாய்ப்பு. 2022 செப்டம்பரில் அது ஓரியனைப் படமெடுத்ததும் இதனால்தான்.

சரி, அந்த மாதங்களில் இஷ்டப்படி பார்க்கலாமா? அதுவும் இல்லை. விஞ்ஞானிகள் கேட்கும் நேரம் இருப்பதைவிடப் பல மடங்கு. வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் அந்த விண்மீனின் முன்னால் கடக்கும் சில மணி நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. அதை முதலில் அட்டவணையில் வைத்துவிட்டு, மற்றவற்றை அதிகம் திரும்பாமல் பார்க்கும்படி இடையில் அடுக்குகிறார்கள்.