கப்பிட்டல் எழுத்துக்கு 40,000 ரூபாவா?

கேள்வி: திருகோணமலை நகரில் மீன்பிடி வலை, கயிறு, தங்கூசி விற்கும் கடை வைத்திருக்கிறேன். 2013இல் ஒரு தம்பி எழுதித் தந்த பில் புரோகிராம் ஒழுங்காக ஓடியது. கொம்பியூட்டர் பழுதாகி, புதியது வாங்கிப் பைதன் 3.12 போட்டதும் ‘கொன்பிக்பார்சர் என்ற மொடியூல் இல்லை’ என்று நிற்கிறது. காட்டிய இடத்தில் முழுவதையும் திருப்பி எழுத 40,000 ரூபா கேட்கிறார்கள். வேறு வழி இல்லையா, ஐயா?

பதில்: காசைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பழைய புரோகிராம் எழுதியது பைதன் 2 என்ற மொழியில். அந்த மொழியோடு ஆயத்தமாக வரும் துண்டுதான் மொடியூல், இது செற்றிங் கோப்பை வாசிப்பது. அது எங்கும் போகவில்லை, பெயர்தான் மாறியது. பைதன் 2இல் அதன் பெயரில் ‘சி’யும் ‘பி’யும் கப்பிட்டல். மொடியூல் பெயரெல்லாம் சிம்பிள் எழுத்தில் இருக்கவேண்டும் என்ற தங்கள் சொந்த விதியை, பைதனைச் செய்தவர்கள் 2008 டிசம்பரில் வந்த பைதன் 3இல்தான் தங்கள் மொடியூல் தொகுப்பான லைப்ரரிக்கும் பொருத்தினார்கள். பழைய பெயரையும் ஒரு பக்கவாசலாக விட்டு வைத்திருக்கலாம். விடவில்லை. விதியை மீறியவர்களும் அவர்கள், திருத்தியவர்களும் அவர்கள், அலைவது கடைக்காரர்.

முதலில் புரோகிராம் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் கொப்பி எடுத்து வையுங்கள். உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் போதும். கோப்பை நோட்பேடில் திறந்து, அந்தப் பெயர் வரும் இம்போர்ட் வரியை மட்டும் இப்படி மாற்றவேண்டும்: ‘இம்போர்ட்’, அடுத்து சிம்பிள் எழுத்தில் புதிய பெயர், அடுத்து ‘அஸ்’, கடைசியில் கப்பிட்டலோடு பழைய பெயர். உள்ளே நூறு இடத்தில் பழைய பெயர் கிடந்தாலும் தொடத் தேவையில்லை. பெயருக்கு முன்னால் ‘சேஃப்’ என்று ஒட்டியிருந்தால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள், 3.12இல் அதைத் தூக்கிவிட்டார்கள்.

திரும்ப ஓட்டினால் வேறொரு பெயரைச் சொல்லி நிற்கலாம். நிலைமை மோசமாகிறது என்று நினைக்காதீர்கள். பைதன் ஒரு நேரத்தில் ஒரு குறையைத்தான் சொல்லும். கியூ, டிகேஇன்டர் என்ற மொடியூல்கள் இரண்டுக்கும் முதல் எழுத்து சிம்பிள் ஆனதுதான் மாற்றம். டிகேமெசேஜ்பொக்ஸ் இப்போது டிகேஇன்டருக்குள்ளே மெசேஜ்பொக்ஸ் என்று இருக்கிறது.

இனி, கெடுத்துத் தருபவர்களைப் பற்றி. பைதனின் சொந்த லைப்ரரி ஃபோல்டருக்குள் போய்க் கோப்பின் பெயரையே பழையபடி மாற்றிவிடுகிற ‘நிபுணர்கள்’ உண்டு. உங்கள் பில் திறக்கும். ஆனால் புதிய பெயரை நம்பியிருக்கும் பிப், அதாவது பைதனுக்கு மொடியூல் இறக்கித் தரும் கருவி, படுத்துவிடும். இன்னொருவர் பழைய பெயரைப் பிப்பில் தேடி இன்ஸ்டோல் பண்ணுவார். அங்கே கிடைப்பது பழைய பைதன்களுக்காகச் செய்து வைத்த பிரதி. உங்கள் பிழை அப்படியே இருக்கும். உங்கள் ஃபோல்டரில் அதே பெயரில் வெறும் கோப்பு ஒன்றை உருவாக்குவதும் பிழை. பைதன் முதலில் உங்கள் ஃபோல்டரைத்தான் பார்க்கும், வெறுங்கோப்பை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் விழும். எல்லாவற்றிலும் மோசம், திருத்தியபின், ஓட்ட மட்டும் உதவும் ‘ஈஎக்ஸ்ஈ’ கோப்பை மட்டும் தருபவர். திறந்து திருத்தக்கூடிய, ‘பிவை’ என்று முடியும் கோப்பு கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். அடுத்த முறையும் அவரிடமே போகவேண்டும் என்பதற்குத்தான் ‘ஈஎக்ஸ்ஈ’ மட்டும் தரும் அந்த ஏற்பாடு.

பெயரை மாற்றினால் போதாத இடம் ஒன்று இருக்கிறது, கடைக்காரருக்கு அதுதான் இடிக்கும். செற்றிங் கோப்பில் ‘கழிவு = 5%’ என்று வைத்திருப்பீர்கள். பழைய மொடியூல் அந்தச் சதவீதக் குறியைக் கண்டும் காணாமல் விட்டது. புதியது அப்படியல்ல. அந்தக் குறிக்குப் பின்னால் இன்னொரு சதவீதக் குறியோ திறக்கும் அடைப்புக்குறியோ இல்லையென்றால் ஏற்காது. அதுவும் உடனே சொல்லாது. அந்த வரியை வாசிக்கப் போகும்போதுதான் சொல்லும். காலையில் பத்து பில் போகும், கழிவு கேட்கும் ஆள் வந்து நிற்கும்போது விழும். செற்றிங் கோப்பில் ‘5%%’ என்று இரண்டு குறி போடுங்கள். உள்ளே 5% என்றே எடுத்துக்கொள்ளும். குறிக்குப் பின்னால் ஏற்கனவே அடைப்புக்குறி இருந்தால் அந்த வரியைத் தொடவேண்டாம்.

செற்றிங் கோப்பில் கடைப் பெயர் தமிழில் இருந்தால், அந்தக் கோப்பை வாசிக்கும் கட்டளையில் என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) யூடிஎஃப்-8 என்றும் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஆங்கில விண்டோஸில் ‘ஸ்டோர்ஸ்’ என்பதிலுள்ள ஒரு புள்ளியே நிறுத்திவிடும்.

கடைசியாக, பிழைச்செய்தி எதுவும் காட்டாத மாற்றம். பழைய பைதனில் 25ஐ 2ஆல் வகுத்தால் 12, இப்போது 12.5. 12.5ஐ ‘ரவுண்ட்’ கட்டளையால் கிட்டிய முழு எண்ணாக்கச் சொன்னால் முன்பு 13, இப்போது 12. ஆகவே பழைய பில் பத்தை, ஐம்பது சதம் வரும் பில்களைக் கட்டாயம் சேர்த்து, மறுபடி அடித்து மொத்தத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொருந்தும்வரை பழைய பில் புத்தகம் மேசையிலேயே கிடக்கட்டும்.