மோட்டார்சைக்கிள் லெதர் ஜாக்கெட்: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் எடுபிடியாகச் சேர்ந்து, அப்புறம் ஏற்றுமதிக்கு லெதர் உடை தைக்கும் இடத்தில் வெட்டு மேசையில் நின்றவன் நான். இப்போது லண்டன்வாசி. பழைய மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்டுகளுக்கு ஜிப் மாற்றுவதும் லைனிங் போடுவதும்தான் பிழைப்பு. எதோடு எதைப் போடலாம் என்று கேளுங்கள். விலை கேட்காதீர்கள். இரண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. அழகுக்குத் தைத்த ஜாக்கெட்டை நம்பி நெடுஞ்சாலையில் பறக்கக் கூடாது.

போரூர் புல்லட்: அண்ணா, சாய்ந்த ஜிப் வைத்த கறுப்பு ஜாக்கெட் வாங்கினேன். இடுப்போடு நின்றுவிடுகிறது. கீழே நாலு விரல் அளவுக்கு டி-ஷர்ட் தெரிகிறது. ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக்கொள்ளலாமா?

மாற்ற வேண்டாம், தம்பி. பெரிய சைஸ் எடுத்தால் நீளம் கொஞ்சம்தான் கூடும், தோள் மட்டும் தொங்கிவிடும்.

அந்த ஜாக்கெட் ஏன் அப்படி இருக்கிறது என்று பாருங்கள். 1928-ல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக ஒரு ஜாக்கெட் தைத்தார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கு வைத்தார்: பெர்ஃபெக்டோ. லாங் ஐலண்டில் ஒரு ஹார்லி-டேவிட்சன் விற்பனையாளர் வழியாக ஐந்தரை டாலருக்குப் போனது. வண்டியில் உட்கார்ந்து முன்னால் குனிபவனுக்கு நீளமான ஜாக்கெட் வயிற்றில் மடிந்து குத்தும். அதனால்தான் இடுப்போடு நிறுத்தினார்கள். ஜிப் சாய்வாக ஓடுவதும் வேலைக்காகத்தான். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு விழும், காற்று நுழையாது. கைமுனையில் ஜிப், இடுப்பில் பெல்ட், எல்லாமே காற்றை அடைக்கத்தான்.

அன்றைக்கு அவர்கள் போட்ட பேன்ட் தொப்புள்வரை ஏறி நின்றது. ஜாக்கெட்டின் விளிம்பும் பேன்ட்டின் விளிம்பும் ஒரே இடத்தில் சந்தித்தன. இன்றைய லோ வேஸ்ட் ஜீன்ஸ் இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கிவிட்டது, அந்த இடைவெளியில்தான் உங்கள் டி-ஷர்ட் எட்டிப் பார்க்கிறது. பேன்ட்டைத் தரையில் விரித்து, கவட்டுத் தையலிலிருந்து மேல்பட்டிவரை முன்பக்கம் அளந்து பாருங்கள், இந்த அளவுக்குப் பெயர் ரைஸ். எட்டோ ஒன்பதோ இன்ச் இருந்தால் அதுதான் குற்றவாளி. பதினொன்று, பன்னிரண்டு வேண்டும். டி-ஷர்ட்டை உள்ளே சொருகுங்கள். புதிதாக எதுவும் வாங்குமுன் அப்பாவின் பழைய டெய்லர் பேன்ட் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோவை காபி: தினமும் போட என்ன கலர் சட்டை? நான் பூப்போட்ட சட்டைகள் நிறைய வைத்திருக்கிறேன்.

அந்த ஜாக்கெட்டில் ஏற்கெனவே நாலைந்து ஜிப், பக்கிள், தோளில் பட்டி, சிலதில் நட்சத்திரம் வேறு. அதுவே மேளக்கச்சேரி. உள்ளே வெள்ளை, சாம்பல், கருநீலம் என்று ஏதாவது ஒன்று, எழுத்தும் படமும் இல்லாமல். பூப்போட்ட சட்டைகளை நேர்ஜிப் ஜாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது அமைதியான பிள்ளை. ஜாக்கெட் பெல்ட்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள், தொங்கவும் விடாதீர்கள். பின்பக்கம் கொண்டுபோய் மாட்டிவிடுங்கள்.

ஸ்கார்பரோ தம்பி: டொராண்டோ குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போட இடம்விட்டு வாங்க வேண்டுமா? சைஸ் எப்படிப் பார்ப்பது?

மெல்லிய ஸ்வெட்டருக்கு இடம் போதும். ஜனவரிக் குளிரைத் தாங்க ஜாக்கெட்டைப் பெரிதாக்காதீர்கள், அதற்கு வேறு கோட்டு போடுங்கள். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லும் கணக்கு இது: தோல் எப்படி இருந்தாலும் ஒக்கிடலாம், தோள் தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. தோள் தையல் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். ஜிப்பை முழுக்கப் போட்டு, உங்களை நீங்களே கட்டிப்பிடித்துப் பாருங்கள். முதுகு வலிக்காமல் கொஞ்சம் இறுக்கினால் சரி, போகப்போக இளகும். கை நீளம் கட்டைவிரல் அடிவரை இருக்கட்டும். வண்டியில் கை நீட்டினால் மேலே ஏறும்.

மயிலாப்பூர் மாடி: சென்னையில் லெதர் ஜாக்கெட் போடலாமா?

மார்கழியில் இரவு பத்து மணிக்கு மேல்.

நாட்டிங்ஹாம் அக்கா: பெண்கள் எப்படிப் போடுவது? பூட்ஸும் கறுப்பு ஜீன்ஸும் இல்லாமல் வழி உண்டா? ஒருமுறை புடவைமேல் போட்டேன். அம்மா 'ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட்டா' என்று கேட்டுவிட்டார்.

அம்மாவுக்கு என் வணக்கம். இத்தனை கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஐம்பதுகளின் பாணி வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து விரிந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை எடுங்கள். குட்டை ஜாக்கெட் அதற்கென்றே பிறந்தது போலிருக்கும். சின்னப் பூப்போட்ட பருத்தி கவுனும் பொருந்தும். (கோவை காபி கோபித்துக்கொள்ள வேண்டாம். பாவாடையில் துணி நிறைய, பூக்களுக்குப் பரவ இடம் உண்டு.) கழுத்தில் ஒரு பட்டுக் கைக்குட்டை. காலில் கனமான பூட்ஸ் கட்டாயமில்லை, கட்டுவைத்த சாதாரண ஷூ போதும்.

குர்தா நீளமென்றால் சாய்ந்த ஜிப் வேண்டாம், நேர்ஜிப்பைத் திறந்தபடி போடுங்கள். புடவையில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் முந்தானை ஜிப் பல்லில் மாட்டும். ஒரு காஞ்சிபுரம் சரிகை அப்படி மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தது. புடவை பிழைத்தது, சரிகை பிழைக்கவில்லை.

ஆறுகடை: நடைமுறைக்கு மெழுகு பூசிய பருத்தி ஜாக்கெட் நல்லதா?

இங்கிலாந்து மழைக்கு அதைவிட நல்லது இல்லை. பார்பர் நிறுவனத்தின் 'இன்டர்நேஷனல்' 1936-ல் வந்தது, ஆறு நாள் மோட்டார்சைக்கிள் போட்டிக்காக. இடது மார்புப் பை சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஓட்டியபடியே வரைபடத்தை எடுக்க அப்படி வைத்தது. 1964-ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த அதே போட்டிக்கு அமெரிக்க அணியோடு போன நடிகர் ஸ்டீவ் மெக்வீனும் அதைத்தான் போட்டிருந்தார். தடித்த கம்பளி ஸ்வெட்டர், கார்டுராய் பேன்ட், பழுப்பு பூட்ஸ். வாஷிங் மெஷினில் போட்டால் மெழுகு போய்விடும், ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. சென்னை வெயிலில் பிசுபிசுக்கும். அங்கே வேண்டாம்.

ஏஸ் கஃபே ரசிகன்: ஐயா, அறுபதுகளில் லண்டனில் மோட்டார்சைக்கிளில் சுற்றிய 'ராக்கர்' பையன்களின் பாணியில் உடுத்த ஆசை. நேர்ஜிப், நின்ற காலர் வைத்த 'கஃபே ரேசர்' ஜாக்கெட் வாங்கிவிட்டேன். வேறு என்ன வேண்டும்?

ஆசைப்படி உடுத்த வேண்டுமென்றால் ஜாக்கெட்டே மாற வேண்டும். அந்தக் காலத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள். பையன்கள் போட்டிருப்பது பெரும்பாலும் மடித்த காலரும் சாய்ந்த ஜிப்பும். லூயிஸ் லெதர்ஸ் என்ற லண்டன் கடையின் 'பிராங்க்ஸ்', 'லைட்னிங்' இரண்டும்தான் அவர்கள் சீருடை மாதிரி. வெள்ளைக் கழுத்துத்துணி, காலை மடித்த ஜீன்ஸ், பூட்ஸுக்கு மேல் மடித்துவிட்ட வெள்ளைக் கம்பளிக் காலுறை. அந்தக் காலுறை வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏஸ் கஃபே ரசிகன்: மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள முடியவில்லை. பெயரே கஃபே ரேசர். லண்டனில் ராக்கர்கள் கூடிய ஏஸ் கஃபேயில் ஓட்டியவர்கள் போட்டதால்தானே அந்தப் பெயர்?

பெயர் வண்டியுடையது, தம்பி. கைப்பிடியைத் தாழ்த்தி, தேவையில்லாததைக் கழற்றி, ஒரு கஃபேயிலிருந்து இன்னொன்றுக்கு விரட்டிய வண்டி. ஜாக்கெட்டுக்கு அந்தப் பெயரைப் பிறகு ஒட்டினார்கள். நேர்ஜிப் ஜாக்கெட்டை அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் பூக்கோ நிறுவனம் ஜே-100 என்ற எண்ணில் விற்றது. அதைப் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆபீசுக்குக் காலர் சட்டைமேல் போடுவதற்கு அதுதான் முதல் தேர்வு. ராக்கர் என்று சொல்லிக்கொண்டு போடாதீர்கள், அவ்வளவுதான்.

ட்ரையம்ப் பைத்தியம்: நடுவில் வருகிறேன். இங்கிலாந்துப் பையன்கள் சாய்ந்த ஜிப்பை எடுத்துக்கொண்டதே நடிகர் மார்லன் பிராண்டோவின் படத்தைப் பார்த்துத்தான். ஆகவே எல்லாம் அமெரிக்கச் சரக்கு.

பெரும்பாலோர் பார்த்திருக்க வழியில்லை! 1953-ல் வந்த அந்த 'தி வைல்ட் ஒன்' படத்துக்கு பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1967 வரை சான்றிதழ் தரவில்லை. பிராங்க்ஸ் ஜாக்கெட் 1956-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. படம் வராவிட்டாலும் படத்தின் புகைப்படங்கள் வந்தன, அது போதுமாக இருந்தது. இன்னொன்று. பிராண்டோ அதில் ஓட்டுவது ட்ரையம்ப் தண்டர்பேர்ட், இங்கிலாந்து வண்டி. நீங்கள் பெயரிலேயே ட்ரையம்ப் வைத்துக்கொண்டு இதை மறந்துவிட்டீர்கள்.

ஏஸ் கஃபே ரசிகன்: அப்படியென்றால் 1964-ல் பிரைட்டன் கடற்கரையில் 'மாட்' என்ற எதிர்க்கோஷ்டியோடு அடித்துக்கொண்ட ராக்கர்கள்?

அவர்களும் சாய்ந்த ஜிப்தான். எதிரே நின்ற மாட்கள் ஸ்கூட்டரில், கச்சிதமான சூட்டுக்கு மேல் பார்க்கா என்ற தொப்பிவைத்த ராணுவக் கோட்டு. இரண்டையும் கலந்து போடுகிறார்கள் இப்போது சிலர், பார்க்காவுக்குள் லெதர். அறுபது வருடச் சண்டையை ஒரே உடம்பில் போடுவது. நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன்.

ட்ரையம்ப் பைத்தியம்: பேட்ஜ், ஆணி எல்லாம் குத்தலாமா?

நீங்கள் போன இடத்து பேட்ஜ் என்றால் குத்துங்கள். கடையில் பத்து சேர்த்து ஒரு பாக்கெட்டாக வாங்கியது வேண்டாம். குத்திய ஓட்டை திரும்ப மூடாது. இந்த விவாதத்தை இதோடு விடுவோம், வரிசையில் பதினாறு பேர் நிற்கிறார்கள்.

திருச்சி 07: ஜாக்கெட் குட்டையாக இருக்கிறது, சட்டை வெளியே தெரிகிறது.

முதல் கேள்வியின் பதில்.

வேளச்சேரி: சென்னையில் எந்த மாதம் போடலாம்?

மேலே சொன்னேன். மார்கழி. இரவு.

ஈரோடு எஞ்சின்: என் ஜாக்கெட் மூன்றே வருடத்தில் செதில்செதிலாக உரிகிறது. என்ன எண்ணெய் போடலாம்?

அது லெதர் இல்லை, ரெக்சின். துணியின்மேல் பூசிய பாலியூரித்தேன். நம் ஊர் ஈரமும் சூடும் அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும், பிறகு ஒட்ட வழியில்லை. இரண்டாவது, உங்கள் கேள்வியில் 'எண்ணெய்' வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். நிஜத் தோலிலும் அது திட்டுத்திட்டாகக் கறுக்கும், தூசி ஒட்டும். தோலுக்கென்று விற்கும் கண்டிஷனர், வருடத்துக்கு ஒருமுறை, பட்டும் படாமலும்.

நாகர்கோவில் மழை: பீரோவில் வைத்த ஜாக்கெட்டில் பூஞ்சை.

பீரோதான் காரணம், காற்றே இல்லை. பிளாஸ்டிக் உறையும் போட்டிருப்பீர்கள். வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் வாசலில் வைத்துத் துடையுங்கள் (வீட்டுக்குள் வேண்டாம், பறக்கும்). நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் காய்ந்தால் விறைத்துவிடும். அப்புறம் அகலமான மர ஹேங்கரில் மாட்டி, பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள்.

ஈசிஆர் இரவு: இந்த ஜாக்கெட் போட்டால் விழுந்தாலும் அடிபடாதுதானே?

யார் சொன்னது? கடையில் அழகுக்கு விற்கும் ஆட்டுக்குட்டித் தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, தாரில் தேய்ந்தால் கிழிந்துவிடும். வண்டிக்கான ஜாக்கெட் மாட்டுத்தோல் என்றால் ஏறத்தாழ 1.2 மி.மீ.க்கு மேல் இருக்கும். உள்ளே தோள், முழங்கை, முதுகுக்குக் காப்பு வேண்டும். ஐரோப்பியத் தரச்சீட்டில் உடைக்கு இஎன் 17092, காப்புக்கு இஎன் 1621 என்று போட்டிருக்கும். பழைய ஜாக்கெட்டுகளில் இதெல்லாம் கிடையாது. என் கடைக்கு வரும் அழகான கந்தல்களிலும் கிடையாது.

ஈசிஆர் இரவு: அப்போ எந்த ஹெல்மெட்?

எனக்குத் தெரிந்தது தோலும் நூலும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா என்று பார்த்து, ஹெல்மெட் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சேலம் சாவி: சகோ, நல்லெண்ணெய் தடவலாமா?

இல்லை.

மதுரை மல்லி: ஜாக்கெட் குட்டை...

பேன்ட், பேன்ட், பேன்ட்.

போரூர் புல்லட்: அண்ணா, மீண்டும் நான். அப்பாவின் 1985-ல் தைத்த பேன்ட்டைப் போட்டுப் பார்த்தேன். ரைஸ் பன்னிரண்டு இன்ச். டி-ஷர்ட் தெரியவே இல்லை, ஜாக்கெட் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆனால் அப்பா பேன்ட்டைத் திருப்பிக் கேட்கிறார்.

கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் அதைத் தெரிந்த டெய்லரிடம் கொண்டுபோய் அதே அளவில் இன்னொன்று தைக்கச் சொல்லுங்கள். 'இப்போ யாரு சார் இவ்வளவு மேலே போடறாங்க' என்று சொல்லி இரண்டு இன்ச் இறக்கப் பார்ப்பார். பக்கத்திலேயே நில்லுங்கள்.