டி.என்.ஏ. இல்லாத ட்யூபும் ஒளிர்கிறதே, மெஷின் பழுதா?

கேள்வி: பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விலை குறைந்த சிறிய பி.சி.ஆர். மெஷின் (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்குவது) ஒன்றை லேபில் சோதித்துப் பார்க்கிறோம். புற்றுநோய் மார்க்கரான செக்2 ஜீன் மாற்றத்தை அது கண்டுபிடிக்கிறதா என்பதுதான் ப்ராஜெக்ட். 35 சுழற்சி ஓட்டி, ட்யூபைத் திறந்து, சைபர் கிரீன் சாயத்தோடு ஒரு சொட்டைத் தகட்டில் வைத்து ஃபோனில் படம் எடுக்கிறோம். டி.என்.ஏ. சேர்க்காத ட்யூபும் பச்சையாக ஒளிர்கிறது. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த மெஷினுக்குத் தெரிந்த வேலை சூடாக்குவதும் குளிர வைப்பதும்தான். 95 டிகிரியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகள் பிரியும், 57 வாக்கில் ப்ரைமர் (பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டு) ஒட்டும், 72இல் டாக் என்சைம் புது இழை கட்டும். இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு சுழற்சி. இல்லாத டி.என்.ஏ.வை எந்த மெஷினாலும் பெருக்க முடியாது. ஆக, அந்த ட்யூபில் என்னவோ இருந்திருக்கிறது.

அது என்ன என்று, டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல் சொல்லிவிடும். சைபர் கிரீன் டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்காது. இரட்டை இழை எதுவாக இருந்தாலும் ஒட்டிக்கொண்டு ஒளிரும். ஜெல்லின் அடியில் 50 பேஸ்பேர் (டி.என்.ஏ. நீளத்தின் அலகு, ஒரு எழுத்து ஜோடி) பக்கம் மங்கலான பட்டை வந்தால், ப்ரைமர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிப் பெருகியிருக்கின்றன. ஒட்டும் வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றிப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்த அளவிலேயே பட்டை வந்தால் கலப்படம். என் சந்தேகம் இதன்மேல்தான். கணக்குப்படி ஒரே ஒரு மூலக்கூறு 30 சுழற்சியில் சுமார் 107 கோடியாகும். அப்படிப் பெருகிய ட்யூபை, அடுத்த நாள் கலவை தயாரிக்கும் அதே மேசையில் திறக்கிறீர்களா? திறப்பதை வேறு அறைக்கு மாற்றுங்கள், பிப்பெட்டுக்கு வடிகட்டி வைத்த ஃபில்டர் டிப் வாங்குங்கள், தண்ணீரைப் புதிதாக எடுங்கள். மாணவனாக இருந்தபோது ஒரு மாதம் ப்ரைமரைத் திட்டிவிட்டு, கடைசியில் தண்ணீர் பாட்டில்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்தவன் நான்.

ஜெல்லில் எதுவுமே வரவில்லையா? அப்படியானால் ஃபோனைப் பாருங்கள். கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். இருட்டில் மங்கல்கூடப் பளிச்சென்று விழும். எக்ஸ்போஷரை ஒரே அளவில் பூட்டிவிடுங்கள். மெஷினில் வைக்காத கலவை ஒன்றையும் கூடவே படம் எடுங்கள். ஒப்பிட அதுதான் அடிக்கோடு.

சரி, மெஷினை எப்படிச் சோதிப்பது? ஒரே கலவையை எல்லாக் குழிகளிலும் வைத்து ஓட்டுங்கள். ஓரக் குழிகள் மட்டும் மங்கினால் சூடு சமமாகப் பரவவில்லை. வெப்பம் அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியைத் தண்ணீர் ட்யூபுக்குள் விட்டு, திரை காட்டும் டிகிரி உள்ளேயும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுமுன்னும் பின்னும் ட்யூபை எடை போட்டால் மூடி வழியாக ஆவி போவதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் தேடுவது செக்2 ஜீனின் 470ஆம் எழுத்தாக டி (T) இருக்க வேண்டிய இடத்தில் சி (C) வந்திருக்கும் மாற்றம் என்றும், அந்த எழுத்தில் முடியும் ப்ரைமரால் தேடுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். ப்ரைமரின் கடைசி எழுத்து பொருந்தாவிட்டாலும் டாக் சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு நீட்டிவிடும். பிழை திருத்தும் பழக்கம் அதற்குக் கிடையாது. சுழற்சி கூடக் கூட, மாற்றம் இல்லாத டி.என்.ஏ.வும் பாசிட்டிவ் மாதிரியே தெரியும். 35ஐ 28க்குக் குறைத்துப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் ‘புற்றுநோயைக் கண்டறியும் மெஷின்’ என்று எழுதிவிடாதீர்கள். இந்த மாற்றம் பிறவியிலேயே வருவது, அபாயத்தைக் கொஞ்சம் கூட்டுவது. இருப்பவருக்கெல்லாம் நோய் வராது, இல்லாதவருக்கு வராமலும் போகாது. அப்புறம், ட்யூபுகளின் பெயரை மறைத்து எண் மட்டும் போட்டு, படம் பார்ப்பவரிடம் கொடுங்கள். 20 ட்யூபையும் அவர் சரியாகச் சொன்னால்கூட, உண்மையான பிழை 14 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. அந்த எண்ணையும் ரிப்போர்ட்டில் போட்டுவிடுங்கள்.