எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கர்ப்பப்பை வாய் சிகிச்சைக்குப் பிறகும் பரிசோதனை தேவையா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அக்காவுக்கு எச்.ஐ.வி.; கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்து, போன வருடம் வெப்பத்தால் பொசுக்கினார்கள். மாத்திரையும் தவறுவதில்லை. இனியும் பரிசோதனை எதற்கு?

கட்டாயம் வேண்டும். அக்கா சாப்பிடும் கூட்டு மருந்து எச்.ஐ.வி.யைத்தான் அடக்கும், இந்த மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) வேறு வைரஸ். அதை விரட்ட வேண்டியது உடம்பின் எதிர்ப்பு சக்திதான். அது தளர்ந்திருந்தால் வைரஸ் தங்கிவிடும், அந்த மாற்றம் திரும்பவும் வரலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி, சிகிச்சை முடிந்த 12 மாதத்தில் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. இல்லை என்று வந்தால் இன்னொரு 12 மாதம் கழித்து மறுபடியும். இரண்டிலும் இல்லை என்றால்தான் 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை என்ற வழக்கமான கணக்கு.

முன்பு நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்திருப்பார்கள். பொசுக்கிய இடம் ஆறும்போது பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடலாம், கண்ணுக்குச் சிக்காது. அதனால்தான் டி.என்.ஏ. சோதனை.

அப்புறம், வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ போனால் பழைய பயாப்ஸி (திசுப் பரிசோதனை) சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நடுவில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் 12 மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.