பேரி மரத்தில் ஆரஞ்சுப் படை

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு 60 பேரி மரங்கள், அப்பா வைத்தவை. வேலியோரம் கொஞ்சம் தேயிலையும் உண்டு. இரண்டு வருஷமாகப் பேரி அடிமரத்தில் ஆரஞ்சு நிறத்தில் படை மாதிரி படர்கிறது. மேல்கொம்பில் அதே நிறத்தில் நார்க்கொத்து. காய் சிறுத்துவிட்டது. கடைக்காரர் பூஞ்சாண மருந்து கொடுத்தார். மூன்று தடவை அடித்தும் கேட்கவில்லை. செல்போன் செயலி 'சாந்தோரியா' என்கிறது. எதை அடிக்கட்டும் ஐயா?

பதில்: பேரிக்கு எதையும் அடிக்காதீர்கள்.

சாந்தோரியா ஒரு லைக்கன், அதாவது பூஞ்சாணமும் பாசியும் கூடி வாழும் உயிர். ஐரோப்பாவில் சர்வசாதாரணம். ஆரஞ்சு மஞ்சளில் இலை இலையாக, ஓட்டுக் கூரையிலும் மாட்டுக்கொட்டகைப் பக்கத்து மரப்பட்டையிலும் ஒட்டிக் கிடக்கும். சாணமும் பறவை எச்சமும் தரும் தழைச்சத்து அதற்குக் கொண்டாட்டம். நீங்கள் அனுப்பிய அடிமரப் படத்தில் இலையே இல்லையே! வெல்வெட் துணி போட்ட மாதிரி இருக்கிறது. அது டிரென்டிபோலியா. பிறப்பில் பச்சைப் பாசிதான், உள்ளிருக்கும் கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. ஈரச் சுவரில்கூட வரும். கொம்பில் இருக்கும் நார் டெலோஸ்கிஸ்டஸ் என்ற லைக்கன். வீட்டு மசாலா டப்பாவில் இருக்கும் கல்பாசியும் லைக்கன்தான். அது இலை வகை, இது புதர் வகை. சந்தேகம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, பறித்த துணுக்கில் காஸ்டிக் சோடா கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். நார் கருஞ்சிவப்பாகும், பாசி அப்படி ஆகாது.

இரண்டுமே மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. பட்டை அவற்றுக்குத் திண்ணை, அவ்வளவுதான். லைக்கனில் ஒரு பாதி பூஞ்சாணம் என்பது நிஜம். அதை வைத்து மருந்து விற்றவருக்குத் தொழில் தெரியும், மரம் தெரியாது. அவர் கடையில் கவாத்துக் கத்தரி மட்டும் இருந்திருந்தால் வேறு வியாதி சொல்லியிருப்பார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, காய் ஏன் சிறுத்தது என்று. கடைசியாக எப்போது கவாத்து செய்தீர்கள்? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. மூன்றாவது படத்தில் நான்கு கொம்புகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடக்கின்றன, நடுவில் ஒரு பட்ட கொம்பு, அடியில் காய்க்காமல் நெட்டுக்கு வளரும் நீர்ப்போத்து. கீழே வெயில் புகாமல் ஈரம் தங்குகிறது, பாசி பிடிக்கிறது. மேலே புதுத் தளிர் இல்லாத கிழட்டுக் கொம்பில் இலை குறைந்து வெளிச்சம் விழுகிறது, லைக்கன் உட்காருகிறது. இலை உதிர்ந்து மரம் உறங்கும் டிசம்பர், ஜனவரியில் பட்டதையும் குறுக்கே போவதையும் நீர்ப்போத்தையும் எடுங்கள். ஒரே வருஷத்தில் மொட்டையடிக்காமல் மூன்று வருஷமாகப் பிரித்து வெட்டுங்கள். நீலகிரி மண் புளிப்பு மண். மண் பரிசோதனை செய்து, சொன்ன அளவுக்குப் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்பு போடுங்கள். பாசி கண்ணை உறுத்தினால் மழை விட்டதும் ஈரச் சாக்கால் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், பட்டை கிழியும்.

பயப்பட வேண்டிய ஆரஞ்சு வேறு. அந்தத் தேயிலைக் கன்றுகளைப் பாருங்கள். இலையிலோ இளந்தண்டிலோ ஆரஞ்சுத் திட்டு இருந்து, தேய்த்த இடத்தில் திசு செத்துத் தழும்பாகத் தெரிந்தால் அது செபலூரஸ், சிவப்புத் துரு. அதுவும் பாசிதான், ஆனால் உள்ளே புகுந்து தின்னும். தண்ணீர் தேங்கி, சாம்பல் சத்து குறைந்த செடியைத்தான் முதலில் பிடிக்கும். இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அதற்குத் தாமிர மருந்து பேசுவோம்.